முன்வரிசை சீட்டும் இரவல் கோட்டும்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் போய் விசாரித்தால், அந்தக் காலத்திலேயே விமானத்தில் மெட்ராஸ் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்தவன் என்று என்னைப் பற்றிச் சத்தியம் செய்யப் பல பேர் இருக்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். எனக்கே நடுவில் சில இடங்கள் இன்னும் விளங்கவில்லை. விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தோல் ஷாப்பு இருந்தது. ஆட்டுத்தோலை வாங்கி, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி மெட்ராஸுக்கு அனுப்புவோம். அங்கே பெரியமேட்டில் ஒரு தரகர் அதை வாங்கிச் சீமைக்குக் கப்பல் ஏற்றுவார். அந்த வருஷம் சரக்கு தேங்கிவிட்டது. பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஆட்களில் பாதிப் பேரை, "சொல்லி அனுப்புறேன், அப்ப வாங்க" என்று அத்தா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்த நேரத்தில்தான் தரகரிடமிருந்து தந்தி வந்தது. லண்டனிலிருந்து தோல் வாங்கும் துரை ஒருவர் வந்திருக்கிறாராம். புதன்கிழமை மத்தியானம் ஒரே ஒரு பொழுது பெரியமேட்டில் இருப்பாராம். சாம்பிளோடு வந்தால் காட்டலாம் என்றிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஷாப்பு ஓடும், இல்லாவிட்டால் இடத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று அத்தா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அத்தாவுக்கு முழங்கால் வலி. அதனால் என்னை அனுப்புவது என்று முடிவானது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வீட்டில் ஒரு வதந்தி இருந்தது. இரண்டு வருஷம் காலேஜுக்குப் போன காரணத்தால் கிளம்பிய வதந்தி. அதை மறுக்க நான் முயற்சி எடுக்கவில்லை. திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். யோசிக்க ஒன்றுமே இல்லாத பயணம். காதர் மச்சான் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும்.

காதர் மச்சான் என் அக்காவின் புருஷன். மதுரையில் ஒரு டிக்கெட் ஏஜெண்டிடம் குமாஸ்தா. கப்பல், விமானம் என்று ஊரில் உள்ள பணக்காரர்களுக்கெல்லாம் டிக்கெட் எழுதிக் கொடுப்பார். தான் மட்டும் மதுரை திண்டுக்கல் பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் போனதில்லை. அன்று வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து அத்தா முன்னால் வைத்தார். மெட்ராஸ் விமானத்தில் முன்வரிசை சீட்டு. பெரிய மனிதர்களுக்கென்றே ஒதுக்கியது. மற்ற சீட்டைவிட அகலம். உட்கார்ந்ததும் ஓடிகொலோன் தெளித்த துண்டும் மிட்டாயும் கொடுப்பார்களாம். ஒரு மில் முதலாளி கேட்டு வைத்திருந்து கடைசியில் வேண்டாம் என்றுவிட்டதால் ரயில் முதல் வகுப்புக்கு மேலே கொஞ்சம் போட்டால் கிடைக்கும் என்றார். (அப்படி ஒரு தனி வரிசை அந்த விமானத்தில் உண்டா என்று பிற்காலத்தில் நான் பல பேரிடம் விசாரித்திருக்கிறேன். உண்டு என்று சொன்ன ஒரே ஆள் மச்சான்தான்.)

"மாமு, வெள்ளைக்காரன் முதல்ல ஆளைப் பாப்பான், அப்பறந்தான் தோலைப் பாப்பான்" என்றார் மச்சான். "கரிப்புகை அப்புன மூஞ்சியோட போய் நின்னா சுமை தூக்குறவன்னு நினைச்சுக்குவான். பிளேன்ல வந்திருக்கேன்னு சொல்லிப் பாருங்க, சேர் போட்டு உக்கார வைப்பான்."

அத்தா எதையும் தடவிப் பார்க்காமல் வாங்கமாட்டார். தோல் வியாபாரிகளின் பழக்கம் அது. டிக்கெட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவருக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. மெட்ராஸ் வடக்கே இருக்கிறது. இவன் எதற்காகத் தெற்கே போய், மதுரையும் தாண்டி, அங்கிருந்து ஏறவேண்டும்? விமானம் மதுரையிலிருந்துதான் கிளம்பும், கிளம்பி வடக்கே பார்த்துத்தான் வரும், திருச்சியில் கொஞ்சம் நின்று மெட்ராஸ் போகும் என்று மச்சான் விளக்கினார்.

"அப்ப நம்ம ஷாப்பு மேலதான் வரும்?"

"அந்தப் பக்கமாத்தான் மாமு வரும்."

"அப்ப இவன் மதுரைக்குப் போறது, மறுபடி இங்க வர்றதுக்கா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை சரியான பதில் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் வீடு ஒரே குழப்பம். டிக்கெட் மலிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிக்கெட்டுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. சாம்பிள் தோலைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் விமானத்தில் வாங்கமாட்டார்கள், பெட்டி வேண்டும். (தலைமுறையாகத் தோல் பதனிடுகிற எங்கள் வீட்டில் ஒரு தோல் பெட்டி கிடையாது.) மதுரை தாண்டிப் போகக் கார் வேண்டும். மெட்ராஸில் இறங்குகிற இடத்திலிருந்து பெரியமேடு வரை டாக்சி வேண்டும். முன்வரிசையில் வேட்டி சட்டையோடு உட்காரக்கூடாது என்று மச்சான் சொன்னதால் கோட்டு வேண்டும். ஒவ்வொன்று வரும்போதும் அத்தா, "ரயில்லயே போகட்டும்" என்பார். மச்சான் வெள்ளைக்காரனின் சேரை மறுபடி எடுத்துப் போடுவார். அத்தா உட்கார்ந்து யோசித்து, "சரி, பிளேன்லயே போகட்டும்" என்பார். என் விருப்பத்தைக் கேட்டபோது, "உங்க இஷ்டம் அத்தா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று துரைக்குக் கைகொடுத்துப் பழகிக்கொண்டேன்.

கோட்டு கடைவீதி போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. படம் எடுக்க வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்காக அங்கே ஒரே ஒரு நீலக் கோட்டு தொங்கும். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையின் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள், மாப்பிள்ளைகள் வேறு வேறாக இருப்பார்கள், கோட்டு ஒன்றாக இருக்கும். ஸ்டூடியோக்காரர் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு மடிப்பு விழக்கூடாது, விழுந்தால் கோட்டுக்கே விலை கொடுக்க வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார்.

கடைசியில் முடிவு எப்படி வந்தது தெரியுமா? எதற்கும் இருக்கட்டும் என்று மச்சான் மதுரைக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். அத்தா அதையும் தடவிப் பார்த்து, தோல் மட்டமானது, விலை அநியாயம் என்று வெகுநேரம் திட்டினார். பிறகு, "இம்புட்டு விலை குடுத்துப் பெட்டி வாங்கியாச்சு. இதைத் தூக்கிக்கிட்டு ரயில்ல போனா நட்டமில்லையா?" என்றார். அந்தக் கணக்கின் அழகில் மயங்கி நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

செலவு அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா, சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமல் ஆகாயத்தில் போனால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்று கேட்டாள். எங்கள் தெருவுக்குத் தெரிந்த பெரிய பயணம் ஒன்றுதான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சலாம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்கள். கிளம்புகிற நாளில் தெருவே கூடி ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து வழியனுப்பும். விமானத்துக்கென்று தனியாக ஒரு வழக்கம் இல்லாததால் அம்மா அதையே எனக்கும் நடத்திவிட்டாள். நான் வீடு வீடாகப் போய், "புதன்கிழமை மெட்ராஸ் போயிட்டு வெள்ளிக்கிழமை வந்துருவேன், ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

எரியோட்டிலிருந்தும் நத்தத்திலிருந்தும் முதல் நாளே உறவுகள் வந்து இறங்கின. கார் போதாது என்று ஒரு பஸ் பேசினார்கள். பஸ் நிறைய ஆள் போனால் பசிக்குமே என்று ஒரு பெரிய தேக்சா நிறையப் பிரியாணியும் ஏற்றினார்கள். அத்தா பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை நேராக மெட்ராஸுக்கே விட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார்.

மதுரை விமான நிலையம் அப்போது கம்பி வேலி போட்ட ஒரு கட்டடமும் பின்னால் பொட்டல் வெளியும்தான். நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கொடுத்தேன். அவர்கள் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைக் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வழியனுப்பலை முடிக்க மறுபடி வேலிக்கு வெளியே வந்தேன். (அந்தக் காலத்தில் அப்படி வரவிடுவார்கள்.) வந்ததும் மாலைகள் விழுந்தன. மூக்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கட்டிப்பிடிப்பதற்கு வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஸ்டூடியோக்காரர் ஞாபகம் வந்தது. கோட்டைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன். கையில் மடித்து வைத்தால் மடிப்பு விழும், கீழே வைத்தால் புழுதி என்று யோசித்து மச்சான் அதைத் தானே மாட்டிக்கொண்டார். என்னைவிட அவருக்கு அது நன்றாகப் பொருந்தியது. "செத்த நேரம் பிளேனைக் கிட்டக்கப் போய்ப் பாத்துட்டு வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

வரிசையின் கடைசியில் பெரியத்தா நின்றார். அத்தாவின் கூடப்பிறந்த அண்ணன். ஷாப்பைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்காதவர். யாரும் கூப்பிடாமல் தானாகவே வேறொரு பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். ஆள் பீமன் மாதிரி இருப்பார். என்னை இழுத்துத் தன் மார்போடு அணைத்தவர் விடவே இல்லை. என் முகம் அவர் சட்டைக்குள் போய்விட்டது. இரண்டு காதும் அவர் கைக்குள். பாகம் பிரித்த கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்து, யார் என்ன சொன்னார்கள், அவர் மனசு எங்கே புண்பட்டது என்று அழுதுகொண்டே சொன்னார். நடுவில் விலகினால் மரியாதையா? எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் ஒருவன் பயணத்தால் இந்தக் குடும்பம் ஒன்று சேர்கிறதே என்று உண்மையிலேயே பூரித்துப்போனேன்.

அவர் என்னை விட்டபோது ஒரே இரைச்சலும் புழுதியுமாக இருந்தது. எங்கள் கூட்டம் முழுக்க வேலியைப் பிடித்துக்கொண்டு கையாட்டிக்கொண்டிருந்தது. ஒரு விமானம் ஓடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது யாருடைய விமானமோ, என்னுடையது வரும்போது ரயில் மாதிரி மணி அடிப்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் கையாட்டும்போது நான் மட்டும் சும்மா நிற்பது நன்றாக இருக்காது என்று நானும் கையாட்டினேன். பக்கத்தில் அம்மா அக்காவின் தோளில் சாய்ந்து, "எம்புள்ள பத்திரமாப் போய்ச் சேரணும்" என்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

நான் அவள் முதுகைத் தடவி, "அழாதம்மா, இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, என் கழுத்து மாலையை விலக்கி முகத்தைச் சரிபார்த்தாள்.

"நீ இங்க நிக்கிற. அப்பப் போனது யாரு?"

நீலக் கோட்டு படியேறியதைக் கூட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறது. யாரோ ஒரு சிப்பந்தி கையைப் பிடித்து அவசரமாக அழைத்துப் போனாராம். மேல் படியில் நின்று இந்தப் பக்கம் திரும்பிக் கம்பீரமாகக் கையும் ஆட்டியதாம். தூரத்தில் முகம் தெரியவில்லை, கோட்டு தெரிந்தது. அக்காதான் முதலில் சுற்றுமுற்றும் தேடினாள். பிறகு, "உங்க மச்சானைக் காணோமே" என்றாள். அதுவரை எனக்காக அழுதுகொண்டிருந்த கூட்டம் இப்போது அக்காவைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

தரகருக்குப் போன் போடலாம் என்று அத்தா நொண்டி நொண்டி டிரங்கால் பதிவு செய்யப் போனார். லைன் கிடைக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஷாப்பு போய்விட்டது, என்னால்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். சமைத்த பிரியாணியை என்ன செய்வது என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். ஒரு மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. துக்கத்திலும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அத்தா மட்டும் சாப்பிடவில்லை. பெரியத்தா ஒரு தட்டைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிளேன் செலவு பூரா நம்மளது" என்றார் அத்தா. "பயணம் மட்டும் அவனுது."

தெருவுக்குத் திரும்பியபோது வேறொரு சங்கடம் காத்திருந்தது. மதுரைக்கு வராதவர்கள் எல்லாம் மொட்டை மாடியில் ஏறி, மேலே போன விமானத்துக்குக் கையாட்டிவிட்டு இறங்கியிருக்கிறார்கள். நான் மாலையோடு பஸ்ஸை விட்டு இறங்குவதை டீக்கடைக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியாப்பா?"

நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

"மெட்ராஸ்ல வெயில் எப்படி?"

"இங்கமாதிரித்தாண்ணே."

அவர் கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, இந்தக் காலத்தில் போய் ரயிலில் போகிறவனை என்னவென்று சொல்வது என்று கேட்டார். நான் விமானத்தில் போன வரலாறு அங்கே ஆரம்பமானதுதான்.

மச்சான் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் கரி. கோட்டு, போட்டுப் படுத்து எழுந்தது மாதிரி இருந்தது. (ஸ்டூடியோக்காரர் சொன்னபடியே முழு விலையையும் வாங்கினார். அந்தக் கோட்டு பல வருஷம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது.) வாசலிலேயே நின்று அவர் சத்தியம் செய்தார். தான் விமானத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததுதான் தப்பு. அங்கே நின்ற சிப்பந்தி கோட்டுப் பையில் அட்டையைப் பார்த்ததும், நேரமாச்சு என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். உள்ளே காட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று உட்கார்ந்தால் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"திருச்சியில நின்னுச்சே, இறங்கியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"இடுப்புல ஒரு வாரு மாட்டிவிட்டாங்க மாப்ள. அதை எப்படிக் கழட்டுறதுன்னு தெரியல" என்றார் மச்சான். வருஷக்கணக்காக விமான டிக்கெட் எழுதுகிறவர் அப்படிச் சொன்னபோது நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

பெரியமேட்டில் நடந்ததைத் தரகரே பிறகு எழுதியிருந்தார். துரை கேட்ட கேள்விகள் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் வாயையே திறக்கவில்லை. தோலைப் பற்றியும் ஒன்றும் தெரியாததால், அத்தா செய்யப் பார்த்திருந்ததை அப்படியே செய்திருக்கிறார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தோலாக எடுத்து விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து, சிலவற்றைத் தலையாட்டி ஒதுக்கி வைத்துவிட்டார். தன் சரக்கிலேயே குறை காண்கிற வியாபாரியைத் துரை அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. மச்சான் ஒதுக்காத தோலைப் பார்த்து, தொட்டியெல்லாம் நிரம்பும் அளவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். (நான் போயிருந்தால் துரையிடம் மெட்ராஸ் பருவநிலையைப் பற்றி இங்கிலீஷில் பேச மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.)

வீட்டுக்கு அனுப்பிய ஆட்களுக்கெல்லாம் அத்தா சொல்லி அனுப்பினார். மச்சான் மதுரை வேலையை விட்டுவிட்டு ஷாப்புக்கு வந்தார். பெரியத்தாவும் பொழுது போகாமல் வருவது போல வந்து உட்கார ஆரம்பித்தார். நான் அங்கே இருக்கத் தேவையில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் நானே அத்தாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த டிக்கெட்டு கடைசியில் லாபமா, நட்டமா?

அத்தா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நீ ரயில்ல போயிருந்தா செலவு கம்மிதான்" என்றார். பிறகு வருத்தத்தோடு என் தோளில் கைவைத்து, "ஆனா நீ போயிருப்பியேப்பா" என்றார்.

நான் வாத்தியார் பயிற்சிக்கு எழுதிப்போட்டது அதற்கு மறுவாரம். படித்து முடித்ததும் எரியோட்டில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. படுக்கையும் தட்டுமுட்டுச் சாமானுமாகக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டுக்கு அம்மா மட்டும் வந்தாள். முதல் தடவையாக வீட்டை விட்டுப் போகிறேன். அவள் முகத்தில் சலனமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, பஸ் எந்த ஊருக்கு என்று கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

"நான் போறதுல உனக்கு வருத்தமே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கு" என்றாள் அம்மா. "வண்டி நகரட்டும்."

எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் இன்றைக்கும் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அன்று பஸ் நகர்ந்தது. அம்மா கூடவே நாலு எட்டு நடந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்திருப்பது நான்தான் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.